கட்டளை எந்த ஊருக்குப் போகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. குபெர்னெட்டிஸ் என்பது மென்பொருளை சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு; அது ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும் சர்வர்களின் தொகுப்பு கிளஸ்டர். ஒரு கிளஸ்டரை ஓட்டப் பழகியவர்களுக்கு இப்போது மூன்று, ஐந்து என்று சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே லேப்டாப்பில், ஒரே டெர்மினலில் இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுவதும் அதற்கே. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் பனியன் கம்பெனிக்கு பல்லடம், அவிநாசி, பெருமாநல்லூர் என்று மூன்று யூனிட். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன சர்வரில் கே3எஸ் (குபெர்னெட்டிஸின் சிறிய வடிவம்) போட்டிருக்கிறோம். மூன்று சர்வரில் இருந்தும் கான்ஃபிக் கோப்புகளை என் லேப்டாப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். ஆனால் ஒரே ஒரு கான்டெக்ஸ்ட்தான் தெரிகிறது, அதுவும் 'டிஃபால்ட்' என்ற பெயரில். மற்ற இரண்டும் எங்கே போயின?
(திருப்பூர் வாசகர்)

எங்கேயும் போகவில்லை, மறைந்து நிற்கின்றன. கான்டெக்ஸ்ட் என்பது எந்தக் கிளஸ்டருக்கு, எந்த யூசராகப் போவது என்பதைச் சேர்த்துச் சொல்லும் பெயர். கே3எஸ் நிறுவும்போது தானாக, கிளஸ்டரின் முகவரியும் சாவியும் உள்ள ஒரு கான்ஃபிக் கோப்பை எழுதிவைக்கிறது. அதில் கிளஸ்டரின் பெயர், யூசரின் பெயர், கான்டெக்ஸ்ட்டின் பெயர் மூன்றுமே 'டிஃபால்ட்'தான். பல்லடத்தில் இருந்து எடுத்தாலும் அவிநாசியில் இருந்து எடுத்தாலும் அதே பெயர். கோப்புகளைச் சேர்க்கும்போது, கிளஸ்டருக்குக் கட்டளை அனுப்பும் கருவியான கியூப்சிடிஎல் ஒரு விதியை வைத்திருக்கிறது: ஒரே பெயர் இரண்டு கோப்பில் இருந்தால் முதல் கோப்பில் உள்ளதை எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதை விட்டுவிடும். வரிசையில் முதலில் எந்த யூனிட்டின் கோப்பைக் கொடுத்தீர்களோ அதுதான் உங்களுக்குத் தெரிகிறது.

இந்த இடத்தில் நிறையப் பேர் செய்யும் ஒரு தவறு இருக்கிறது, அது நீங்கள் இப்போது இருக்கும் நிலைமையைவிட மோசமானது. 'கான்ஃபிக் ரீநேம்-கான்டெக்ஸ்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. மூன்று கோப்பிலும் அதைக் கொண்டு கான்டெக்ஸ்ட்டை பல்லடம், அவிநாசி, பெருமாநல்லூர் என்று மாற்றிவிட்டுச் சேர்த்தால் பட்டியலில் மூன்று பெயரும் அழகாகத் தெரியும். ஆனால் அந்தக் கட்டளை கான்டெக்ஸ்ட்டின் பெயரை மட்டுமே மாற்றும். உள்ளே கிளஸ்டரும் யூசரும் இன்னும் 'டிஃபால்ட்'தான். சேர்த்த பிறகு மூன்று கான்டெக்ஸ்ட்டும் முதல் கோப்பின் கிளஸ்டரையே காட்டும். அவிநாசி என்று சொல்லி அனுப்பிய கட்டளை பல்லடத்தில் போய் இறங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

அதனால் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பையும் எடிட்டரில் திறந்து பெயரை மாற்றுங்கள். 'டிஃபால்ட்' என்ற சொல் ஆறு இடத்தில் இருக்கும்: கிளஸ்டரின் பெயர், யூசரின் பெயர், கான்டெக்ஸ்ட்டின் பெயர், கான்டெக்ஸ்ட்டுக்குள் கிளஸ்டரையும் யூசரையும் குறிக்கும் இரண்டு வரிகள், கடைசியாக 'கரன்ட்-கான்டெக்ஸ்ட்' வரி. ஆறையும் மாற்ற வேண்டும். அதே கோப்பில் சர்வர் முகவரி 127.0.0.1, போர்ட் 6443 என்று இருக்கும். அது அந்த சர்வர் தன்னையே குறிப்பது. உங்கள் லேப்டாப்பில் அது உங்கள் லேப்டாப்பைக் குறிக்கும். யூனிட் சர்வரின் முகவரியைப் போடுங்கள். வெளி முகவரியோ டொமைன் பெயரோ வைத்து இணைக்கிறீர்கள் என்றால், சான்றிதழில் அந்தப் பெயர் இல்லை என்று கியூப்சிடிஎல் மறுத்துவிடும். அப்போது அந்த யூனிட்டில் கே3எஸ் சர்வரை 'டிஎல்எஸ்-சான்' என்ற ஆப்ஷனில் அந்தப் பெயரைக் கொடுத்து மறுபடி இயக்க வேண்டும். சான்றிதழ் சோதனையையே அணைத்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

பிறகு மூன்று கோப்புகளின் பாதையையும் கியூப்கான்ஃபிக் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் வரிசையாகக் கொடுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் இடையே முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஆக்கித்தான் தீர வேண்டும் என்றால் 'கான்ஃபிக் வியூ' கட்டளையை '--ஃபிளாட்டன்' போட்டு ஓட்டி வேறொரு புதிய கோப்பில் சேமியுங்கள். '--ஃபிளாட்டன்' இல்லாவிட்டால் சான்றிதழ் இருக்கும் இடத்தில் 'ஒமிட்டட்' என்றுதான் வரும், அந்தக் கோப்பு எதற்கும் உதவாது. படிக்கிற கோப்பின் மேலேயே எழுதவும் கூடாது. ஷெல் முதலில் அந்தக் கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் கட்டளையை ஓட்டும், கையில் இருந்ததும் போய்விடும். என்னைக் கேட்டால் ஒரே கோப்பாக ஆக்காதீர்கள். யூனிட்டுக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியே இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு கான்டெக்ஸ்ட்டிலும் 'கெட் நோட்ஸ்' அடித்து, வரும் நோடின் பெயர் அந்த யூனிட்டில் இருக்கும் மெஷினின் பெயர்தானா என்று ஒரு தடவை பாருங்கள். பட்டியலில் பெயர் சரியாகத் தெரிகிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: மேடம், டெஸ்ட் கிளஸ்டர் என்று நினைத்து லைவ் கிளஸ்டரில் ஒரு டெப்ளாய்மென்ட்டை (ஒரு மென்பொருளை ஓட்டிவைக்கும் அமைப்பை) டிலீட் செய்துவிட்டேன். பத்து நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம், யாரும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை என்டர் தட்டும்போதும் கை நடுங்குகிறது. கவனமாக இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். கவனமாகத்தான் இருந்தேன்.
(பெருந்துறை வாசகி)

நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்பதை நான் நம்புகிறேன். எனக்கும் இது நடந்திருக்கிறது, கவனமாக இருந்தபோதுதான் நடந்தது.

சரவணம்பட்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை. நூல் மில் ஒன்றின் டிஸ்பாட்ச் மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு டெர்மினல் ஜன்னல் திறந்திருந்தது. ஒன்றில் டெஸ்ட் கிளஸ்டரில் பழைய நேம்ஸ்பேஸ்களை, அதாவது கிளஸ்டருக்குள் பிரித்துவைத்த தனித்தனி அறைகளை, சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மில்லில் இருந்து போன் வந்தது: "மேடம், லோடு ஏத்தி வண்டி நிக்குதுங்க, ஸ்லிப் வர மாட்டேங்குது." இரண்டாவது ஜன்னலில் 'யூஸ்-கான்டெக்ஸ்ட்' போட்டு லைவுக்குப் போய் லாக் பார்த்தேன், பிரிண்டர் கோளாறுதான், சொல்லிவிட்டு போனை வைத்தேன். திரும்ப முதல் ஜன்னலுக்கு வந்து விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தேன். அடுத்த நேம்ஸ்பேஸ், டிலீட், என்டர். அந்தப் பெயரில் லைவிலும் ஒரு நேம்ஸ்பேஸ் இருந்தது.

நான் அந்த ஜன்னலில் எதையும் மாற்றவில்லை. ஆனால் 'யூஸ்-கான்டெக்ஸ்ட்' என்பது ஜன்னலுக்கு உரியது இல்லை. 'கரன்ட்-கான்டெக்ஸ்ட்' என்பது கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி. ஒரு ஜன்னலில் மாற்றினால் அந்தக் கோப்பைப் படிக்கும் எல்லா ஜன்னலுக்கும் மாறிவிடும். நேம்ஸ்பேஸை டிலீட் செய்தால் உள்ளே இருக்கும் டெப்ளாய்மென்ட், சர்வீஸ், சீக்ரெட், டிஸ்க் கேட்டு வைத்த கிளெய்ம் எல்லாம் சேர்ந்து போகும். டேட்டாபேஸ் கிளஸ்டருக்கு வெளியே இருந்ததால் தப்பித்தோம். இவற்றை விவரிக்கும் யாமல் கோப்புகள் கிட் என்ற பதிப்புச் சேமிப்பில் இருந்தன, அவற்றைத் திரும்பப் போட கொஞ்ச நேரம்தான். சீக்ரெட்கள்தான் எங்கேயும் எழுதி வைக்கப்படாமல் இருந்தன. ஒவ்வொரு பாஸ்வேர்டாக ஆளைத் தேடிப்பிடித்துக் கேட்டு உள்ளே போட மதியம் ஆகிவிட்டது. அதுவரை அங்கே கையால் ஸ்லிப் எழுதி வண்டி அனுப்பினார்கள்.

உங்கள் கை நடுங்குவதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. நீங்கள் அடிக்கும் கட்டளையில் முகவரி இல்லை. 'இப்போது எங்கே நிற்கிறேன்' என்பதை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், அது உங்களுக்குத் தெரியாமலே மாறவும் கூடும்.

எங்கள் தோட்டம் கோபிக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். அங்கே ஒரு முறை ஒற்றைப்படை மதகுகளுக்கு, அடுத்த முறை இரட்டைப்படை மதகுகளுக்கு என்று மாற்றி மாற்றித்தான் தண்ணீர் விடுவார்கள். அப்பா எப்போதும் எண்ணைச் சொல்லித்தான் பேசுவார். யாராவது வந்து "அந்த மதகைத் தொறந்துட்டாங்களா?" என்று கேட்டால், "எந்த மதகுங்க? நெம்பர் சொல்லிக் கேளுங்க" என்பார். பேசுகிற இருவருக்கும் எதைப் பற்றி என்பது தெரிந்திருந்தாலும் கேட்பார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் கியூப்சிடிஎல்-ஐயும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்: நெம்பர் சொல்லாமல் எதையும் திறக்காது.

அது எப்படி என்று சொல்கிறேன். கான்ஃபிக் கோப்பில் 'கரன்ட்-கான்டெக்ஸ்ட்' என்ற வரியையே எடுத்துவிடுங்கள். 'கான்ஃபிக் அன்செட் கரன்ட்-கான்டெக்ஸ்ட்' என்று அடித்தாலும் போகும். ஆனால் பல கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒன்றில் எடுத்ததும் அடுத்த கோப்பின் வரி மேலே வந்துவிடும், அதனால் ஒவ்வொரு கோப்பிலும் கையால் எடுப்பதே நல்லது. இனி முகவரி இல்லாமல் ஒரு கட்டளை அடித்தால் கியூப்சிடிஎல் லோக்கல்ஹோஸ்ட்டின் 8080 போர்ட்டைத் தேடிப் போய், அங்கே யாரும் இல்லை என்று திரும்பி வரும். அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்து முதல் வாரம் எரிச்சல் வரும். அப்புறம் பழகிவிடும்.

வேலைக்கு ஒவ்வொரு கட்டளையிலும் '--கான்டெக்ஸ்ட்' போட வேண்டும். நீளமாக இருக்கிறதே என்றால் ஷெல்லில் கிளஸ்டருக்கு ஒன்றாக அலியாஸ், அதாவது சுருக்கப் பெயர், வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் 'கேடெஸ்ட்', 'கேலைவ்' என்று இரண்டு உண்டு. மூன்று நான்கு எழுத்துதான் கூடுதல், ஆனால் அடிக்கும் வரியிலேயே ஊர் பெயர் வந்துவிடுகிறது. பின்னால் ஹிஸ்டரியைப் புரட்டிப் பார்க்கும்போதும் எது எங்கே ஓடியது என்று தெரியும். ஸ்கிரிப்ட் எழுதினால் இது கட்டாயம். கிளஸ்டரில் மென்பொருள் நிறுவ உதவும் ஹெல்ம் என்ற கருவியில் இதே ஆப்ஷனுக்குப் பெயர் '--கியூப்-கான்டெக்ஸ்ட்', அதை மறக்காதீர்கள்.

கியூப்சிடிஎக்ஸ் என்ற கருவியைப் பலர் சிபாரிசு செய்வார்கள். ஒரே சொல்லில் கிளஸ்டர் மாறலாம், ஒரு கோடு போட்டால் முந்தையதற்குத் திரும்பலாம். நன்றாகச் செய்யப்பட்ட கருவி. ஆனால் வழக்கமான முறையில் அதுவும் அந்தக் கோப்பின் வரியைத்தான் மாற்றுகிறது. மாறுவதை எளிதாக்குவதால் அடிக்கடி மாறுவோம், நம்முடைய சிக்கல் இன்னும் கூடும். லைவை நிர்வகிப்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. ஒரு கிளஸ்டருக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்றால் கியூபி என்ற கருவி பொருத்தம். அது அந்த ஜன்னலுக்கு மட்டும் தனி கான்ஃபிக் வைத்துப் புது ஷெல் திறக்கும், மற்ற ஜன்னல்களைத் தொடாது.

பிராம்ப்ட்டில், அதாவது கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கத்தில், கிளஸ்டர் பெயரைக் காட்டும் கியூப்-பிஎஸ்1 பற்றியும் ஒரு எச்சரிக்கை. நல்ல துணைதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பிராம்ப்ட் என்பது அது திரையில் வரையப்பட்ட நேரத்தின் நிலை. வேறு ஜன்னலில் மாற்றியிருந்தால், இங்கே உங்கள் முன்னால் 'டெஸ்ட்' என்று நிற்கும் பிராம்ப்ட்டில் அடித்த கட்டளை லைவுக்குப் போகும். அன்றைக்கு என்னிடம் அது இருந்திருந்தாலும் என்னைக் காப்பாற்றியிருக்காது.

இதெல்லாம் உங்கள் பக்கம் செய்வது. கிளஸ்டர் பக்கமும் ஒன்று செய்யச் சொல்லுங்கள். லைவுக்கு உங்களுக்கு இரண்டு யூசர் வேண்டும். அன்றாடம் பயன்படுத்துவதற்கு 'வியூ' ரோல் மட்டும் உள்ளது ஒன்று. அதில் பார்க்கலாம், லாக் படிக்கலாம், சீக்ரெட்டைப் படிக்க முடியாது, எதையும் அழிக்கவும் முடியாது. மாற்றம் செய்யும் நாளுக்கு மட்டும் இன்னொன்று, தனி கோப்பில், வேறு கான்டெக்ஸ்ட் பெயரில். 'ஆத் கேன்-ஐ டிலீட் பாட்ஸ்' என்று அடித்தால் அந்த யூசரால் பாட்களை, அதாவது ஓடும் மென்பொருளின் பிரதிகளை, அழிக்க முடியுமா என்று ஆம், இல்லை பதில் வரும். இதைச் செய்து முடித்து, அன்றாட யூசரில் 'நோ' என்று வருவதைப் பார்த்த அன்று உங்கள் கை நடுக்கம் பாதி குறையும். மீதிக்கு, மாற்றம் போடும் முன், என்ன மாறும் என்று காட்டும் 'டிஃப்' ஓட்டிப் பாருங்கள், டிலீட்டில் '--இன்டராக்டிவ்' போடுங்கள், ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் அழிக்கும்.

கேள்வி: எங்களிடம் ஒரு கிளஸ்டர் பழைய பதிப்பு, ஒன்று புதியது. ஒரே கியூப்சிடிஎல் இரண்டுக்கும் போதுமா?
(பொள்ளாச்சி வாசகர்)

கியூப்சிடிஎல்-க்கும் கிளஸ்டருக்கும் இடையே மைனர் பதிப்பில் ஒன்று முன்னே பின்னே இருக்கலாம். 1.32 கியூப்சிடிஎல் என்றால் 1.31, 1.32, 1.33 கிளஸ்டர்களுக்குச் சரி. அதற்கு வெளியே பெரும்பாலும் ஓடும், ஆனால் ஓடாத இடம் எது என்று முன்கூட்டியே தெரியாது. இரண்டு பதிப்பையும் வேறு வேறு பெயரில் வைத்து, மேலே சொன்ன அலியாஸில் எது எந்தக் கிளஸ்டருக்கு என்று சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: லாரி ஆபீஸ்களுக்கு மென்பொருள் கொடுக்கிறோம். ஆறு கிளஸ்டர். ஒரே மாற்றத்தை ஆறிலும் போட வேண்டும். ஃபார் லூப் போட்டு ஒரே நேரத்தில் முடித்துவிடலாமா?
(நாமக்கல் வாசகர்)

பார்ப்பதற்கு லூப் போடுங்கள், தாராளமாக. 'கான்ஃபிக் கெட்-கான்டெக்ஸ்ட்ஸ்' கட்டளைக்கு '-ஓ நேம்' கொடுத்தால் பெயர்கள் மட்டும் வரிசையாக வரும். அதை லூப்பில் எடுத்து ஒவ்வொன்றிலும் எத்தனை பாட் ஓடுகிறது, எந்த இமேஜ் என்று பார்த்துவிடலாம். '--ரிக்வெஸ்ட்-டைம்அவுட்' ஐந்து வினாடி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் லைன் போயிருந்தால் லூப் அங்கேயே நின்று காத்துக்கிடக்கும்.

மாற்றம் போடும் லூப்பில் அந்தப் பட்டியலை எடுக்கவே கூடாது. நாளைக்கு நீங்கள் பழகிப் பார்க்க ஒரு கிளஸ்டர் சேர்த்தால் அதுவும் பட்டியலில் வந்து நிற்கும், வேறொரு கஸ்டமருடையது சேர்ந்தால் அதுவும்தான். ஆறு பெயரையும் கையால் எழுதுங்கள். முதலில் ஒரு கிளஸ்டரில் மட்டும் போட்டு 'ரோல்அவுட் ஸ்டேட்டஸ்' முடியும்வரை பாருங்கள். ஒரு நாள் ஓடட்டும், அங்கே வண்டி பதிவு சரியாக நடக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். பிறகு மீதி ஐந்தை லூப்பில் விடுங்கள், ஒன்றில் பிழை வந்தால் அங்கேயே நிற்கும்படி எழுதி. ஆறு பத்தாகும் நிலை வந்தால் லூப்பை விட்டுவிட்டு ஆர்கோ சிடி அல்லது ஃபிளக்ஸ் பக்கம் போங்கள். கிட்டில் மாற்றத்தை எழுதினால் அவை எடுத்துக் கிளஸ்டரில் பொருத்திவிடும், உங்கள் லேப்டாப்பில் ஆறு ஊர்ச் சாவியையும் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம்.

கேள்வி: கஸ்டமர் அவருடைய கிளஸ்டரின் கான்ஃபிக் கோப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். எடுத்து என் கோப்போடு சேர்த்துக்கொண்டேன், வேலை செய்கிறது. இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?
(உடுமலைப்பேட்டை வாசகர்)

இரண்டு தப்பு இருக்கிறது, இரண்டுமே பெரியவை.

ஒன்று உங்களுக்கு. கான்ஃபிக் கோப்பில் முகவரியும் சாவியும் மட்டும் இருக்கும் என்று கட்டாயம் இல்லை. லாகின் செய்வதற்கு ஒரு புரோகிராமை ஓட்டு என்று அதில் எழுத முடியும், 'எக்ஸெக்' என்ற பகுதியில். கியூப்சிடிஎல் கேள்வி கேட்காமல் அதை உங்கள் லேப்டாப்பில் ஓட்டும். அதனால் யாரிடமிருந்து வந்த கோப்பாக இருந்தாலும் சேர்க்கும் முன் எடிட்டரில் திறந்து 'எக்ஸெக்' இருக்கிறதா, இருந்தால் எந்த புரோகிராமைக் கூப்பிடுகிறது என்று படியுங்கள்.

இன்னொன்று அவருக்கு. அது அட்மின் சான்றிதழ் உள்ள கோப்பு என்றால், குரூப்பில் இருக்கும் எல்லோரும் இப்போது அவருடைய கிளஸ்டரின் முழு அதிகாரி. குரூப்பில் இருந்து அழித்தால் தீராது, எத்தனை போனில் இறங்கியிருக்கிறதோ தெரியாது. குபெர்னெட்டிஸில் ஒரு கிளையன்ட் சான்றிதழை மட்டும் தனியாக ரத்து செய்யும் வசதி இல்லை. காலாவதி ஆகும்வரை அது செல்லும், இல்லையென்றால் அந்தக் கிளஸ்டரின் சான்றிதழ் ஆணையத்தையே மாற்ற வேண்டும். அதுவரை குறைந்தது ஃபயர்வாலில் அந்த 6443 போர்ட்டை உங்கள் விபிஎன் முகவரிகளுக்கு மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. இனி உங்களுக்கு அனுமதி தருவதற்குத் தனி சர்வீஸ் அக்கவுன்ட் உருவாக்கி 'கிரியேட் டோக்கன்' போட்டுத் தரட்டும். அந்த டோக்கன் வழக்கமாக ஒரு மணி நேரம்தான் செல்லும், தவறிப்போனாலும் அதோடு முடிந்தது. "நம்ம ஆளுங்கதானே குரூப்பில் இருக்காங்க" என்று அவர் சொல்வார். மில் கேட்டின் சாவியையும் அப்படிக் குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறாரா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கேள்வி: நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். பல கிளஸ்டர்களை நிர்வகிக்கக் கற்றுக்கொள்ள ஆசை, ஆனால் என்னிடம் ஒரு லேப்டாப்தான் இருக்கிறது, கிளவுடுக்குக் கொடுக்கக் காசு இல்லை.
(கோபிசெட்டிபாளையம் மாணவி)

நம்ம ஊர்ப் பிள்ளை. உன் லேப்டாப்பே போதும் கண்ணு. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் போட்டு, அதன் மேல் 'கைண்ட்' என்ற கருவியைப் போடு. அது டாக்கர் கன்டெய்னரையே நோடாக வைத்துக் கிளஸ்டர் உருவாக்கும். பெயரை 'மேடு', 'பள்ளம்' என்று கொடுத்து இரண்டு கிளஸ்டர் உருவாக்கு. கான்டெக்ஸ்ட் பெயர்களை அதுவே 'கைண்ட்' என்ற முன்னொட்டோடு உன் கான்ஃபிக்கில் சேர்த்துவிடும். மெமரி திணறினால் ஒவ்வொன்றிலும் ஒரே நோடு போதும்.

இரண்டிலும் ஒரே பெயரில் ஒரு நேம்ஸ்பேஸ் வை. இரண்டு டெர்மினல் திற. ஒன்றில் 'யூஸ்-கான்டெக்ஸ்ட்' போட்டு பள்ளத்துக்கு மாறு. மற்றதில் எதையும் தொடாமல் 'கெட் நோட்ஸ்' மட்டும் அடித்துப் பார். பிறகு அந்த ஜன்னலிலேயே நேம்ஸ்பேஸை டிலீட் செய்துவிட்டு, எந்தக் கிளஸ்டரில் போனது என்று தேடிப் பார். என்ன பார்த்தாய் என்று எழுதி அனுப்பு, அடுத்த இதழில் அங்கிருந்து தொடர்வோம்.